தவறிய கொள்கையும் தளராத உள்ளமும்

விஞ்ஞான உலகில் வென்றவர்களின் பெயர் பாடநூலில் நிலைத்துவிடுகிறது. அவ்வெற்றிக்கு முதற்படி அமைத்தவர்களின் பெயரோ பலவேளைகளில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அத்தகைய ஒரு பெயர்தான் ஞானசந்திர கோஷ்.

1894 ஆம் ஆண்டு இன்றைய மேற்கு வங்காளத்திலுள்ள புருலியாவில் பிறந்தவர் கோஷ். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராயின் அன்பு மாணவராகத் திகழ்ந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சத்யேந்திர நாத் போசும் மேகநாத சாகாவும் அவருடைய கல்லூரித் தோழர்கள். 1915 இல் முதுநிலைப் பட்டம் பெற்றதும் பௌதிக வேதியியலில் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

உப்பு நீரில் கரையும்போது அயனிகளாகப் பிரிகிறது என்று 1887 இல் அர்ரீனியஸ் கூறியதை நாம் அறிவோம். அசெட்டிக் அமிலம் போன்ற வலுக்குறைந்த மின்பகுளிகளுக்கு அவர் கொள்கை அழகாகப் பொருந்தியது. பொட்டாசியம் குளோரைடு போன்ற வலுமிக்க மின்பகுளிகளுக்கோ பொருந்தவில்லை. இந்தப் புதிருக்குத்தான் கோஷ் விடை தேடினார். வலுமிக்க மின்பகுளி கரைசலில் முழுவதுமாகவே பிரிந்துள்ளது. ஆனால் எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு அயனிகளைக் கட்டிப்போடுகிறது. அந்தப் பிடியை மீறும் ஆற்றல் உள்ள அயனிகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன என்றார். படிகத்தில் இருப்பது போலவே கரைசலிலும் அயனிகள் ஒழுங்காக அமைந்துள்ளன என்று அவர் கருதியதால், செறிவின் கனமூலம் அவருடைய சமன்பாட்டில் இடம் பெற்றது. 1918 இல் இலண்டன் வேதியியல் கழக இதழில் இக்கட்டுரைகள் வெளிவந்தன. அடிமை நாட்டு இளைஞர் ஒருவரின் கொள்கையை ஐரோப்பிய ஆய்வகங்கள் விவாதித்தன. பாடநூல்களும் அதை ஏற்றுக்கொண்டன.

அந்தப் புகழ் நீடித்தது ஐந்தே ஆண்டுகள். 1923 இல் டிபையும் ஹக்கலும் புதிய கொள்கையை வெளியிட்டனர். வெப்ப இயக்கத்தால் ஓயாமல் அலையும் அயனிகள் படிகம் போல் ஒழுங்காக நிற்க முடியாது. ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர் அயனிகளின் சூழல்தான் உண்டு என்று அவர்கள் காட்டினர். கனமூலம் போய் வர்க்கமூலம் வந்தது. அவர்கள் தம் கட்டுரையில் கோஷின் பெயரைக் குறிப்பிட்டனர். அவர் எங்கே பிழைத்தார் என்பதையும் குறிப்பிட்டனர்.

நம் ஆய்வகத்தில் கடத்துதிறனை வரைபடமாக்கும்போது செறிவின் வர்க்கமூலத்தைத்தான் எடுக்கிறோம். கோஷின் கனமூலத்தை நாம் கேள்விப்பட்டதே இல்லை!

ஆனால் அம்மனிதர் ஒடிந்துவிடவில்லை. 1921 இல் புதிதாகத் தோன்றிய டாக்கா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே ஒளிவேதியியல் ஆய்வுகளை வளர்த்துப் பல மாணவர்களை உருவாக்கினார். 1924 இல் இந்திய வேதியியல் கழகம் தோன்ற உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1939 முதல் 1948 வரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். நாகரசம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. அந்நகரில் 1942 இல் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பட்டது கோஷின் காலத்தில்தான். பின்னர், விடுதலை வீரர்களைச் சிறைவைத்த ஹிஜிலி முகாமில் 1951 இல் தொடங்கிய கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்துக்கு முதல் இயக்குநரானார். திட்டக்குழு உறுப்பினராகவும் பணியாற்றி, 1959 ஜனவரி 21 அன்று மறைந்தார்.

ஓர் ஆய்வுக்கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக்காட்டினர் என்று எண்ணும் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இன்று ஆராய்ச்சியாளரின் தகுதியையே அந்த எண்ணால் அளக்கின்றனர். அந்த எண்ணிக்கையில் பாராட்டியவரும் ஒன்று, மறுத்தவரும் ஒன்று. கோஷைப் பொறுத்தவரை அவரை மறுத்தவர்களே அவருடைய கேள்வியை மேலே கொண்டுசென்றனர். வியப்பு என்னவெனில், செறிவு மிகுந்த கரைசல்களில் கனமூலத் தொடர்பு பொருந்துவதை 1960களிலும் 1970களிலும் சிலர் கண்டு, அவருடைய பழைய கட்டுரைகளை மீண்டும் புரட்டினர்.

நண்பர்களே, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர். தவறு என்றாலே நமக்கு அச்சம். ஆய்வகத்தில் விடை சரியாக வராதபோது பக்கத்து மேசையின் அளவைப் பார்த்து எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிய எண் சரியாக இருந்தாலும் அதனால் யாருக்கும் பயனில்லை. கோஷ் எழுதியது பிழையாக இருந்தது; ஆயினும் அது அவர் சொந்தமாகச் சிந்தித்துக் கண்டது. அதனால்தான் அடுத்தவர் அதைத் திருத்த முடிந்தது.

இனி என் குறிப்பேட்டில் எனக்கு வந்த அளவையே எழுதுவேன். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்தட்டும்!