மார்கரெட் மீட் அம்மையார்

பன்னிரண்டு பதின்மூன்று பிராயம் வரை பெற்றோர் சொற்கேட்டு நடந்த பிள்ளைகள், அதன்பின் காரணமின்றிச் சினப்பதும் எதிர்மொழி கூறுவதும் நம் இல்லங்களிற் காண்பனவே. பள்ளியாசிரியராகிய நாம் இதனை ஆண்டுதோறும் காண்கின்றோம். இஃது உடல் வளர்ச்சியோடு உடன்தோன்றுவதா, வளர்ப்பு முறையால் விளைவதா என்னும் வினாவுக்கு விடை தேடிக் கடல் கடந்து சென்ற அமெரிக்க மாதரசி ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

மார்கரெட் மீட் அம்மையார் 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் பிலடெல்பியா நகரிற் பிறந்தார். தந்தையார் பேராசிரியர், அன்னையார் சமூகவியல் பயின்றவர். எனினும் அம்மையாரை உருவாக்கியவர் உடனுறைந்த பாட்டியாரே என்று கருதுகின்றோம். ஆசிரியையாக இருந்த அம்முதியவர், பேத்திக்கு இல்லத்திலேயே கல்வி பயிற்றியதோடு, தங்கையர் பேசுமாற்றை உற்றுநோக்கிக் குறித்து வைக்கவும் பழக்கினார்.

நியூயார்க்கில் பிரான்ஸ் போவாஸ் என்னும் பேராசிரியரிடம் அம்மையார் மானிடவியல் கற்றார். மக்களின் இயல்பு வேற்றுமைக்குக் குருதியினும் வழிவழி வந்த பழக்கமே பெருங்காரணம் என்பது அவ்வாசிரியர் கொள்கை. குமரப் பருவம் இயல்பாகவே புயற் பருவம் என்று 1904-இல் ஸ்டான்லி ஹால் என்பார் எழுதியிருந்தார். அஃது உண்மையாயின் எந்நாட்டிலும் அவ்வாறே இருத்தல் வேண்டுமன்றோ? இதனை ஆராய 1925-இல், தமது 23-ஆம் வயதில், அம்மையார் சமோவாத் தீவுகளுக்குத் தனியே சென்றார். ஏறத்தாழ ஒன்பது மாதம் அங்குத் தங்கி, தௌ என்னும் சிறு தீவின் மூன்று ஊர்ப் பெண்மக்களோடு பழகினார். அவ்விடத்தே குமரப் பருவம் அமைதியாகக் கழிகின்றது. ஆகவே கொந்தளிப்பு வளர்ப்பின் விளைவே என்பது அவர் கண்ட முடிபு.

1928-இல் வெளிவந்த அவர்தம் நூலின் இறுதியில், பதிப்பாளர் விருப்பப்படி, அமெரிக்கப் பெற்றோர் இதனால் அறியத்தக்கது யாது என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. நூல் பொதுமக்கள் கைக்குச் சென்றதற்கு அப்பகுதி பெருந்துணை என்க. 1935-இல் நியூகினித் தீவின் மூன்று குடியினரைப் பற்றி எழுதிய நூலில், ஆண் பெண் குணங்களும் பெரும்பாலும் பழக்கத்தால் அமைவனவே என்றார்.

1939-இல் மகள் பிறந்தபோது, கடிகாரம் பார்த்துப் பாலூட்டும் அந்நாளைய முறையை விடுத்துக் குழந்தை அழுதபோது ஊட்டினார். நம் பாட்டிமார் இதனைக் கேட்பின் நகைப்பர்! அக்குழந்தைக்கு வைத்தியராக இருந்த ஸ்பாக் என்பாரே 1946-இல் உலகப் புகழ் பெற்ற குழந்தை வளர்ப்பு நூலை வெளியிட்டார். அம்மையார் பின்னாளில் மாதர் இதழொன்றிலும் பல்லாண்டுகள் எழுதிவந்து, 1978 நவம்பர் 15-இல் மறைந்தார்.

1983-இல் டெரக் பிரீமன் என்பார், சமோவா கட்டுப்பாடு மிக்க நாடு, அம்மையார் பிழைபடக் கண்டார் என்று மறுப்பு நூல் வெளியிட்டார். சமோவா மக்கள் பலரும் தம் பெண்மக்களின் ஒழுக்கம் பற்றி எழுதப்பட்டவற்றுக்கு மனம் வருந்தினர். நம் இல்லத்துப் பெண்களைப் பற்றிச் சிலமாதம் தங்கிய அயலார் ஒருவர் அவ்வாறு எழுதின் நாம் பொறுப்போமா? சிறு தீவொன்றிற் கண்டதை விரைந்து பொதுமைப்படுத்தியது அம்மையார் குறையே. ஆயினும் பிரீமனும் சான்றுகளைத் தமக்கு இயைந்தவாறே தெரிந்துகொண்டார் என்று 2009-இல் பால் ஷாங்க்மன் என்பார் விரிவாக எழுதினார். அம்மையாரின் குறிப்பேடுகளும் கடிதங்களும் படங்களுமாக 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் ஆராய்வார்க்குத் திறந்து கிடக்கின்றன.