கௌதம கணதரர்

கௌதமர் என்றவுடன் நம் பிள்ளைகள் பலர் பள்ளிப் பாடத்தில் கண்ட புத்தரையே எண்ணுகின்றனர். மகாவீர பகவானின் முதற் சீடரும் அப்பெயரினரே. இயற்பெயர் இந்திரபூதி, கௌதமர் என்பது கோத்திரப் பெயர். மகத நாட்டு அந்தணர் வசுபூதிக்கும் பிருதிவிக்கும் பிறந்தவர். அக்கினிபூதி, வாயுபூதி இருவரும் இவர்தம் இளவல்கள். வேதங்களைக் கற்றுத் தேர்ந்து 500 மாணாக்கர்க்கு ஆசிரியராய் விளங்கினார். தமக்கு நிகரில்லை என்னும் செருக்கும் கல்வியோடு வளர்ந்தது.

கி.மு. 557இல் பகவான் கேவலஞானம் எய்தினார். சமவசரணம் அமைந்தது, ஆயினும் 66 நாட்கள் திவ்யத்வனி எழவில்லை. அதனை ஏற்றுத் தொகுத்துரைக்க வல்ல கணதரர் இல்லாமையே காரணம் என உணர்ந்த தேவேந்திரன், முதிய அந்தணர் வடிவில் இந்திரபூதியை அடைந்தான். தன் குரு மௌனத்தில் இருப்பதாகக் கூறி, ஒரு சுலோகத்திற்குப் பொருள் வேண்டினான். முக்காலம், ஆறு திரவியம், ஒன்பது பதார்த்தம், ஆறு லேசியை, ஐந்து விரதம் என எண்களாகவே அமைந்தது அது. இந்திரபூதிக்கு விளங்கவில்லை, தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. குருவிடமே வாதிடுவதாகக் கூறி, தம்பியரும் மாணாக்கரும் சூழ, இராசகிருகத்து விபுலகிரிக்குப் புறப்பட்டார்.

அங்கே மானஸ்தம்பத்தைக் கண்டார். மானம் என்பதற்கு நம் ஆகமத்தில் செருக்கு என்பதே பொருள். அது அக்கணமே கரைந்தது. வாதிட வந்தவர் வணங்கித் துறவு பூண்டார். புராணங்கள் விரைந்து கடந்துவிடும் இவ்விடத்தில் நாம் சற்றே நிற்க வேண்டும். அவர் புதிதாக ஒரு நூலும் கற்றாரில்லை. கற்றவை யாவும் நற்காட்சி இன்மையால் அஞ்ஞானமாய்க் கிடந்தன. காட்சி வாய்த்ததும் ஞானம் நன்ஞானமாயிற்று. மும்மணியுள் காட்சியை முன்வைத்த காரணத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறில்லை என்பேன்.

திவ்யத்வனி எழுந்தது. உயிர் வேறு, உடல் வேறு. மனமொழிமெய்களின் வழியே வினை ஊற்றெடுத்து உயிரைக் கட்டுகிறது. செறிப்பால் புதுவினை தடைப்பட்டு, தவத்தால் பழவினை உதிர்ந்தால் வீடு கிட்டும். அதனை அருளவோ மறுக்கவோ படைப்புக் கடவுள் ஒருவர் இல்லை. இப்பொருளைக் கேட்டுப் பன்னிரண்டு அங்கங்களாகத் தொகுத்தவர் கௌதமரே. 11 கணதரருள் முதல்வரும் அவரே.

கி.மு. 527இல் பாவாபுரியில் பகவான் முக்தியடைந்த விடியலையே நாம் தீபாவளியாகப் போற்றுகிறோம். அன்று மாலையே கௌதமர் கேவலஞானம் பெற்றார். விடியற்காலைப் பூசையோடு அந்நாளை முடித்துக்கொள்வோர், அந்தி விளக்கு அவர்க்கும் உரியது என்பதை நினைவிற் கொள்ளலாம். பின்னும் 12 ஆண்டுகள் அறமுரைத்து, 92ஆம் அகவையில் வீடெய்தினார். அன்றே சுதர்மர் கேவலியானார்.