கரிசலுக்கு வந்த நம்மாழ்வார்

பாஞ்சாலங்குறிச்சி என்றாலே எல்லோரும் கட்டபொம்மனைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் நம்ம கரிசல் மண்ணுக்கு வந்துபோன இன்னொருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா. வெள்ளைத் தாடி, பச்சைத் துண்டோடு இருக்கிற அவர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் பிறந்த 2013-ம் வருஷக் கடைசியில்தான் அவர் இறந்தார். அதனால் நம்மில் யாருக்கும் அவரைத் தெரியாது.

1938 ஏப்ரல் 6-ல் தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்தார். காவிரி பாய்கிற பக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு 1963-ல் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது 1901-ல் ஆரம்பித்த பழைய நிலையம். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடணும், என்ன உரம் போடணும் என்று சோதனை செய்வது அவர் வேலை.

வாய்க்கால் தண்ணியைப் பார்த்து வளர்ந்தவருக்கு நம்ம காடு புதுசாத்தான் இருந்திருக்கும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் விதைப்பு. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு நிலம் வெடிக்கும். நல்ல மழை விழுந்தால் வெடிப்பு மூடி மண் பிசின் மாதிரி ஒட்டும். அதுக்கப்புறம் விழுகிற மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். வரப்பு உடைந்த புஞ்சை பக்கம் போய்ப் பாருங்கள், ஓடைத் தண்ணி கருப்பாத்தான் ஓடும். நாம் போட்ட எருவும் அதில்தான் போகுது.

அப்போது சோதனைகள் சர்க்கார் நிலத்தில், வீரிய விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து வைத்து நடந்தன. மானாவாரிக்காரர் அவ்வளவு காசுக்கு எங்கே போவார்? கடன் வாங்கிப் போட்டு மழை தப்பினால் அம்புட்டும் போச்சு. ஆராய்ச்சியையே மாற்ற வேண்டும் என்று நம்மாழ்வார் சொல்லிப் பார்த்தார். கூட இருந்தவர்கள் கேட்கவில்லை. 1969-ல் வேலையை விட்டுவிட்டார். சர்க்கார் வேலை! இதைப் படித்துக் காட்டியபோது எங்க அம்மா நம்பவே இல்லை.

பிறகு, நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' அமைப்பில் சேர்ந்து களக்காடு பக்கம் 10 வருஷம் வேலை பார்த்தார். விதை, எரு எல்லாம் முடிந்தவரை விவசாயியின் சொந்தக் காட்டிலிருந்தே வரணும் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தார். 1979-ல் 'குடும்பம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் நமக்கு ரொம்ப ஆகிறது மூடாக்கு. சருகு, தட்டையை எரிக்காமல் மண்மேல் பரப்பிவிடணும். மழைத்துளி மண்ணை நேராக அடிக்காது, ஈரமும் சீக்கிரம் காயாது. அப்புறம் பல தானிய விதைப்பு. பயறு, எள், கம்பு என்று கலந்து விதைத்து, பூக்கும்போதே மடக்கி உழுதுவிடணும். மக்கு சேர்ந்த மண் தண்ணியைப் பிடித்து வைக்கும். ஆனால் வீட்டில் ஆடு மாடு இருந்தால் மூடாக்குக்குத் தட்டை மிஞ்சுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் வயலெல்லாம் உப்பேறிக் கிடந்தபோது, அங்கே போய் விவசாயிகளோடு சேர்ந்து நிலத்தை மீட்டார். 2009-ல் கரூர் மாவட்டம் கடவூர் பக்கம், வறண்ட பூமியில் 'வானகம்' பண்ணையைத் தொடங்கினார். தஞ்சாவூர் மாவட்டத்தில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தார். வானகத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.