மைக்கின் மேல் ஒரு பெயர்

காந்தியடிகளும் நேருவும் பேசும் பழைய படங்களில், மைக்கின் முன்புறத்தில் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயர் பளிச்சென்று தெரியும். ஏதோ அமெரிக்கக் கம்பெனி என்று நினைக்கத் தோன்றும். அன்று, சிந்து மாகாணத்து வணிகக் குடும்பம் ஒன்று பம்பாயில் நடத்திய கம்பெனி அது. அதன் பெயரை நாடெங்கும் பரப்பியவர் நானிக் மோட்வானி.

1909இல் அவர் தந்தையார் சிந்துவில் மின்சாரச் சாமான் வாணிகம் தொடங்கினார். அது கராச்சிக்கும், பின்பு பம்பாய்க்கும் பெயர்ந்தது. காந்தியடிகளின் குரலோ மெல்லியது. பல்லாயிரவர் திரண்ட கூட்டத்தில் முன்வரிசைக்கு அப்பால் எட்டாது. இதற்கு வழி செய்ய மகன் நானிக் முனைந்தார். 1931இல் கராச்சிக் காங்கிரசில் அவருடைய ஒலிபெருக்கிகள் முழங்கின. அதன்பின் பல்லாண்டுகள், காங்கிரசுக் கூட்டங்களுக்குக் கட்டணம் வாங்காமலே அத்தொண்டைச் செய்தார். மைக்கில் தெரிந்த பெயர்தான் கூலி. வணிகர் அல்லவா, விளம்பரத்தின் அருமை தெரியாதவரா!

கருவியைக் கொடுப்பது எளிது. பேச்சு முடியும்வரை அது உயிரோடிருக்க வேண்டுமே! வால்வு ஆம்ப்ளிஃபயர் காலம் அது. கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய கம்பி தணலாய்க் காய்ந்துகொண்டிருக்கும். வண்டியில் குலுங்கினால் உள்ளுறுப்பு ஆட்டங்காணும். மின்சாரம் இல்லாத ஊரில் பாட்டரியை நம்ப வேண்டும். குழாயின் வாய் மைக்கை நோக்கிவிட்டாலோ, வெளிவந்த ஒலியே மீண்டும் உள்ளே புகுந்து ஊளையிடும். ஆகவே, பெட்டியை மட்டும் அனுப்பிப் பயனில்லை. பக்கத்தில் ஆள் வேண்டும். மோட்வானி தம் ஆட்களையும் அனுப்பினார், தாமும் சென்றார்.

இதன் அருமை எங்கள் போனக்காட்டுக்காரர்களுக்கு நன்றாக விளங்கும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் கோயில் கொடை என்றால் வாடகைக்கு ரேடியோ செட்டு வரும். ஒருமுறை வில்லுப்பாட்டின் நடுவில் செட்டு ஊமையாயிற்று. கட்டிவிட்டுப் போனவர் மலையிறங்கிவிட்டார். விதுரைக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. பாட்டுக்காரர் வெறுந்தொண்டையால் பாடிப் பார்த்தார். பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்தது. தலைவர்கள் சிறை சென்றனர். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் மறைவாகக் காங்கிரஸ் வானொலியை நடத்தினர். போலீசார் துப்பறியாதபடி இடம் மாற்றி மாற்றி ஒலிபரப்பினர். நவம்பர் 12ஆம் நாள் பிடிபட்டனர். அதற்கு உதவியதாக மோட்வானியும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். ஒலிபெருக்கித் தொண்டில் பணம்தான் செலவு. இங்கே கடை, குடும்பப் பெயர், தந்தை தேடிய செல்வம் எல்லாமே ஒரு தீர்ப்பில் போயிருக்கும். கட்டணம் வாங்காத மோட்வானியைவிட, இந்தக் கூண்டில் நின்ற மோட்வானியே என் மனத்தில் உயர்ந்து நிற்கிறார்.

1943இல் தீர்ப்பு வந்தது. உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறை. மோட்வானி விடுவிக்கப்பட்டார். நாடு விடுதலை பெற்ற பின்னும் நேருவின் முன்னால் அதே பெயர் பொறித்த மைக்குகள் நின்றன.