செப்புத்தகட்டில் ஓவியம்: ஜெரார் ஓத்ரான்

ஒளிப்படக் கருவி தோன்றாத காலத்தில், அரண்மனைச் சுவரில் அமைந்த ஓவியத்தை அரண்மனைக்குள் செல்ல இயன்றவரே காண முடிந்தது. அதனை ஏனையோரும் கண்டு மகிழச் செய்தவர்கள் செப்புத்தகட்டுச் செதுக்கோவியர்கள். அவர்களுள் தலைசிறந்தவர் ஜெரார் ஓத்ரான்.

இவர் 1640ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். தந்தை குளோத் ஓத்ரானும் செதுக்கோவியரே. குடும்பத்தாரிடம் தொழில் கற்ற ஜெரார், பின்னர் ரோம் நகருக்குச் சென்று, பழஞ்சிற்பங்களையும் ரஃபேலின் ஓவியங்களையும் வரைந்து பயின்றார். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் இவரைப் பாரிசுக்கு அழைத்தார்.

அங்கே பெரும்பணி ஒன்று காத்திருந்தது. அரசவை ஓவியர் லெ புரூன், அலெக்சாண்டரின் வரலாற்றைப் பேரோவியங்களாகத் தீட்டியிருந்தார். அவற்றுள் சில 12 மீட்டருக்கும் மிகுந்த அகலம் கொண்டவை. கிரானிக்கஸ் ஆற்றைக் கடத்தல், ஆர்பேலா போர், காயமுற்ற இந்திய மன்னன் போரஸ் அலெக்சாண்டர்முன் கொண்டுவரப்படுதல், பாபிலோன் நகர் புகுதல் ஆகிய நான்கையும் ஓத்ரான் 1672 முதல் 1678 வரை செம்பில் செதுக்கினார். ஒரு காட்சிக்கே பல தகடுகள் தேவைப்பட்டன. அச்சிட்ட தாள்களை ஒன்றோடொன்று இணைத்த பின்னரே முழுக்காட்சியும் புலப்படும்.

செப்புத்தகட்டில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. கருங்கோடும் வெண்தாளுமே உண்டு. தகட்டில் செதுக்கியது அச்சில் இடவலம் மாறித் தோன்றும் என்பதையும் செதுக்குவோர் மறத்தலாகாது. ஆழமாக விழுந்த கோட்டை அழிப்பதும் அரிது. ஓவியர் நிறத்தால் உணர்த்தியதைச் செதுக்குபவர் கோட்டின் தடிப்பாலும் நெருக்கத்தாலும் உணர்த்த வேண்டும். ஓத்ரான் முதலில் அமிலத்தால் கோடுகளை அரித்தெடுப்பார். பின்னர்க் கூரிய எஃகு உளியால் அவற்றை ஆழப்படுத்துவார். ஒரே சீரான கோடுகளால் தகட்டை நிரப்பாமல், புள்ளிகளையும் குறுங்கோடுகளையும் கலந்து கையாண்டார். அதனால் குதிரையின் உடலும் வீரனின் கவசமும் போர்க்களப் புழுதியும் தத்தம் தன்மை வேறுபட்டு விளங்கின. வெறும் படியெடுத்தலாகக் கருதப்பட்ட தொழில் இவர் கையில், ஓவியத்தின் பொருளை உணர்ந்து மீண்டும் படைக்கும் கலையாயிற்று.

1674ஆம் ஆண்டு அரச ஓவியக் கழகம் இவரை உறுப்பினராக ஏற்றது. பூசேன், மிஞார் ஆகியோரின் ஓவியங்களையும் இவர் செதுக்கினார். பழஞ்சிற்பங்களை அளந்து, மனித உடலின் அளவு விகிதங்களை விளக்கும் நூலொன்றை 1683இல் வெளியிட்டார். 1703ஆம் ஆண்டு பாரிசில் மறைந்தார். அண்ணன் மகன்களான பெனுவா, ழான் ஆகியோர் அக்கலையைத் தொடர்ந்தனர்.

அச்சுத்தாளின் அடியில் ஓவியர் பெயரை இடப்புறமும் செதுக்கியவர் பெயரை வலப்புறமும் பொறிப்பது அக்கால மரபு. லெ புரூனின் மூல ஓவியங்களைக் காண இன்றும் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திற்குச் செல்ல வேண்டும். அங்குச் செல்ல இயலாத எண்ணற்றோர்க்கு அவரை அறிமுகம் செய்தவை, வலப்புறத்தில் ஓத்ரானின் பெயர் தாங்கிய அச்சுத்தாள்களே.