நெல்சன் ராக்ஃபெல்லரும் அயல்நாட்டு அங்காடிகளும்

எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜான் டி. ராக்ஃபெல்லரின் பேரனாக 1908ஆம் ஆண்டு பிறந்தவர் நெல்சன் ராக்ஃபெல்லர். நியூயார்க் மாநில ஆளுநராகவும் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய அவரை அரசியலாராகவே உலகம் அறியும். அயல்நாட்டில் மளிகை விற்ற கதையே நம்மைக் கவர்கிறது.

1947இல் ஐபெக் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், வெனிசுவேலாவில் பண்ணைகள் அமைத்தும் மீன்பிடித் தொழில் நடத்தியும் உணவு விலையைக் குறைக்க முனைந்தார். அம்முயற்சிகள் இழப்பிலேயே முடிந்தன. நிலைத்தது சில்லறை வணிகந்தான். 1949இல் மரக்காய்போ நகரில் பேரங்காடி திறக்கப்பட்டது. வாங்குவோர் வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்வர். ஒரு பொருளில் சிற்றிலாபம், விற்பனையோ மிகுதி. தொடக்கத்தில் சரக்கில் பெரும்பகுதி இறக்குமதியே. உள்நாட்டு உழவரிடம் கொள்முதல் செய்வது மெல்லப் பெருகியது.

1957இல் இத்தாலியரைக் கூட்டாளிகளாக்கி மிலான் நகரில் அங்காடி கண்டது ஐபெக். சில ஆண்டுகளில் தன் பங்குகளை இத்தாலியருக்கே விற்று விலகியது. அதுவே இன்றைய எசலுங்கா. மண்ணின் மக்களைப் பங்காளிகளாக்கிய இவ்வேற்பாட்டையே அவர்தம் முயற்சிகளுள் தலையாயதாகக் கருதுகிறோம்.

எங்கும் இவ்வாறு அமையவில்லை. 1969இல் அதிபர் நிக்சனின் தூதராக அவர் அர்ஜென்டினாவுக்கு வரவிருந்தபோது, எதிர்ப்பாளர்கள் புவெனஸ் அயர்ஸ் பகுதியில் ஐபெக்கின் மினிமாக்ஸ் அங்காடிகள் பலவற்றைத் தீக்கிரையாக்கினர். கடைக்குள் கிடைத்த மலிவு விலையைவிட அவருடைய குடும்பப் பெயரே அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது.