ஒரே பந்து, வேறு குவளை: பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் அறுவடை முடிந்த காட்டில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்க்கலாம். வாழப்பாடியில் இப்போது பெரிய மைதானமே வந்துவிட்டது. தோனி எத்தனை சிக்ஸர் அடித்தார், அஸ்வின் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இந்தியாவின் முதல் பெரிய பந்துவீச்சாளர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அவர் பெயர் பல்வங்கர் பாலு. நம்மைப் போலச் சேரியிலிருந்து வந்தவர். அவர் ஆடிய ஆட்டங்கள் நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவற்றை இன்று நினைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. திறமை உள்ளவனுக்கு இந்தச் சமூகம் எதைக் கொடுக்கும், எதைக் கடைசி வரை கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் என்பதை அந்த ஆட்டங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

மாதம் மூன்று ரூபாய்

பாலு 1870-களின் நடுவில், இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் தார்வாடில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கண் கடற்கரையில் உள்ள பல்வன் என்ற ஊர். பல்வங்கர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அவர்கள் சமார் சாதியினர். தோல் தொழிலைச் செய்யவைத்து, அந்தத் தொழிலையே காரணம் காட்டித் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். நம் சேலம், நாமக்கல் பகுதியில் அருந்ததியர் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்பா ராணுவத்தில் வேலை பார்த்ததால் குடும்பம் பூனாவுக்கு வந்தது. ராணுவ முகாமில் வெள்ளைக்கார அதிகாரிகள் வேண்டாம் என்று போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துத்தான் பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினார்கள். பாலுவின் முதல் வேலையும் கிரிக்கெட் மைதானத்தில்தான். ஆடுவதற்கு அல்ல, கூட்டுவதற்கு. பார்சிகளின் கிளப் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்து, மாதம் மூன்று ரூபாய் வாங்கினார். பிறகு 1892 வாக்கில் வெள்ளையர்களின் பூனா கிளப்புக்கு மாறியபோது சம்பளம் நான்கு ரூபாய் ஆனது. கோடு போடுவது, வலை கட்டுவது, டென்னிஸ் களத்தைச் சரிசெய்வது எல்லாம் அவர் வேலை.

அங்கே ட்ராஸ் என்ற வெள்ளைக்காரர் ஒருவர் தனக்குப் பந்து வீசும்படி பாலுவிடம் சொன்னார். இடது கையால் மெதுவாகச் சுழன்று வந்த அந்தப் பந்து கிளப் முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அந்நாளின் பேர்போன மட்டையாளர் கேப்டன் கிரேக் மற்றவர்களுக்கு முன்பே வந்து பாலுவின் பந்தில் பயிற்சி எடுப்பாராம். பாலு தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வெள்ளையர்களுக்கு ஆயிரக்கணக்கில் பந்து வீசிய பாலுவின் கையில் அந்த கிளப்பில் ஒருவரும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது எஜமானர்களின் வேலை. வியர்வை சிந்திப் பந்து வீசுவது வேலைக்காரர்களின் வேலை.

வெளியே வந்த மண் குவளை

பூனாவில் இந்துக்களின் அணி ஒன்று இருந்தது. வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அதற்கு வேண்டிய ஆள் உள்ளூரிலேயே இருந்தார், ஆனால் அவர் தீண்டத்தகாதவர். தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றார்கள். மராத்திப் பிராமண உறுப்பினர்கள் மறுத்தார்கள். கடைசியில் வெற்றி ஆசை வென்றது. பாலு அணிக்குள் வந்தார்.

மைதானத்தில் எல்லோரும் தொட்டது ஒரே பந்தை. தேநீர் இடைவேளை வந்ததும் கதை மாறியது. மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளையில் கொடுத்தார்கள். சாப்பாடும் தனி. முகம் கழுவ வேண்டும் என்றால், அவரைப் போலவே ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பணியாள் ஓரமாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. அந்தத் தோலை வேட்டியில் துடைத்துக் கையில் வைத்து மகிழ்ந்தவர்களுக்குத் தோல் தொழிலாளியின் மகன் குடித்த கோப்பை தீட்டாகத் தெரிந்தது. இரட்டைக் குவளை தேநீர்க் கடைகளை எதிர்த்துப் போராடிய நம் ஊர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

சாத்தாராவில் வெள்ளையர் அணியோடு ஓர் ஆட்டம் நடந்தது. பாலுவின் பந்து திரும்பக் கூடாது என்பதற்காக எதிரணியினர் ஆடுகளத்தை நாள்கணக்கில் உருளை விட்டு இறுக்கியதாகச் சொல்வார்கள். அப்படியும் அவர் ஏழு விக்கெட் எடுத்தார். பூனா திரும்பியபோது மகாதேவ கோவிந்த ரானடே பொதுக்கூட்டத்தில் அவரைப் பாராட்டினார். சேர்ந்து ஆட முடிந்தவர்கள் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். பாலுவின் விரல் திறமை, சீர்திருத்தவாதிகளின் மேடைக்கு ஒரு கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

1906: 109 ரன் வெற்றி

பூனாவில் பிளேக் பரவிய காலத்தை ஒட்டி பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே ரயில்வேயில் வேலை கிடைத்தது. இந்து ஜிம்கானாவிலும் எதிர்ப்பை மீறி இடம் கிடைத்தது. 1906 பிப்ரவரியில் பம்பாய் மைதானத்தில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். இந்துக்கள் 242, ஐரோப்பியர்கள் 191. இரண்டாம் இன்னிங்ஸில் இந்துக்கள் 160. ஐரோப்பியர்கள் 102-க்குச் சுருண்டார்கள். 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பாலு முதல் இன்னிங்ஸில் 3, இரண்டாவதில் 5, மொத்தம் 8 விக்கெட். தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்.

ஆட்சி செய்பவர்களை ஆளப்படுபவர்கள் அவர்களுடைய விளையாட்டிலேயே தோற்கடித்த அந்த நாளைப் பத்திரிகைகள் கொண்டாடின. பம்பாயில் பாலுவும் சிவராமும் அணியினரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்தியன் சோஷியல் ரிஃபார்மர் என்ற வார இதழ், எத்தனையோ சீர்திருத்த முயற்சிகள் செய்யாததை இந்தச் சகோதரர்களைச் சேர்த்தது செய்திருக்கிறது என்ற கருத்தில் எழுதியது. பூனாவின் மண் குவளையிலிருந்து பம்பாயின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

1911: இங்கிலாந்தில் 114 விக்கெட்

1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர் சேர்ந்த அணி. பாலுவும் சிவராமும் அதில் இருந்தார்கள். 23 ஆட்டங்களில் இந்தியா வென்றது ஆறு, தோற்றது பதினைந்து. தோற்ற அணியில் தலை நிமிர்ந்து நின்றவர் பாலு. அந்தப் பயணத்தில் மட்டும் 114 விக்கெட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ரன் கொடுத்து 8 விக்கெட். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து ஆகியிருந்தது. சாமர்செட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சிவராம் சதம் அடித்து, ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க இந்தியாவை வெல்ல வைத்தார்.

பம்பாய் திரும்பிய பாலுவுக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு விழா எடுத்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் அப்போது எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவராக இருந்த இருபது வயது பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா பதிவு செய்கிறார். இளம் அம்பேத்கருக்குத் தன் மக்களில் ஒருவர் உலக அரங்கில் எதைச் சாதிக்க முடியும் என்று காட்டிய மனிதர் பாலு. நம் மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தலைமை மட்டும் கிடையாது

பந்து கொடுத்தார்கள், பிறகு சாப்பாட்டு மேசையில் இடம் கொடுத்தார்கள். கேப்டன் பதவி மட்டும் வரவில்லை. இந்து அணியிலேயே அனுபவம் மிக்கவர் பாலு. ஆனாலும் 1910-களில் ஆண்டுதோறும் தலைமை உயர்சாதியினருக்கே போனது. கேப்டனாக இருந்த எம்.டி. பை, அந்தப் பதவி பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று பாராட்டு விழாவிலேயே வெளிப்படையாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் முடிவெடுத்தவர்கள் வேறு.

1920-இல் அது வெடித்தது. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள் என நான்கு அணிகள் மோதிய போட்டி. முதல் ஆட்டத்துக்கு பை உடல்நலமின்றி வர முடியவில்லை. பாலுவை அணியிலிருந்தே நீக்கிவிட்டு, வயதிலும் அனுபவத்திலும் இளையவரான தியோதரைக் கேப்டனாக்கினார்கள். பாலுவின் தம்பிகள் சிவராமும் விட்டலும் அணியில் இருந்தார்கள். சாதிக்காகவே தங்கள் உரிமை தள்ளப்பட்டது என்று பகிரங்கமாக அறிக்கை விட்டு இருவரும் ஆட்டத்திலிருந்து விலகினார்கள்.

விளையாட்டு மைதானத்தில் நடந்த அந்தச் சாதி எதிர்ப்புப் போராட்டம் பலித்தது. மக்களின் ஆதரவு சகோதரர்கள் பக்கம் திரும்பியது. இறுதி ஆட்டத்துக்கு அவர்களைத் திரும்ப அழைத்தார்கள். பாலு துணைக் கேப்டன் ஆனார். பை மைதானத்தை விட்டு வெளியேறிய நேரத்தில் பாலு அணியை நடத்தினார். இந்துக்கள் என்ற பெயரில் ஆடிய அணியை, கோயிலுக்குள் விடப்படாத ஒருவர் அந்தச் சற்று நேரம் வழிநடத்தினார்.

1923-இல் தம்பி விட்டல் முழுக் கேப்டனாக அறிவிக்கப்பட்டார். அந்த ஆண்டு இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்று கோப்பையைத் தூக்கினார்கள். உயர்சாதி ரசிகர்கள் விட்டலைத் தோளில் சுமந்து கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இரண்டும் நடந்தன.

அமெரிக்காவிலும் இதே வரிசைதான். கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவான பேஸ்பாலில் கறுப்பினத்தவர்களுக்குப் பெரிய தொழில்முறைப் போட்டிகள் அறுபது ஆண்டுகள் போல மூடிக் கிடந்தன. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக இறங்கி அந்தக் கதவை உடைத்தார். 1955-இல் அந்த அணி முதல் முறையாக உலகத் தொடர் கோப்பையை வென்றபோதும் அவர் அதில் இருந்தார். ஆனால் களத்தில் அணியை இயக்கும் மேனேஜர் பதவி கறுப்பருக்கு வரவில்லை. 1972-இல், இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, தனக்கு எடுத்த பாராட்டு விழாவிலேயே அந்தக் குறையைச் சொன்னார். முதல் கறுப்பின மேனேஜர் வந்தது 1975-இல். ஆடுவதற்கும் தலைமை ஏற்பதற்கும் நடுவில் 28 ஆண்டுகள்.

அம்பேத்கருக்கு எதிராக

பாலுவின் வாழ்க்கையில் நமக்குச் சங்கடமான பகுதியும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1932-இல் தனித்தொகுதி பிரச்சினையில் பாலு அம்பேத்கரோடு நிற்கவில்லை. நம் சென்னை மாகாணத்தின் எம்.சி. ராஜாவைப் போலக் கூட்டுத்தொகுதி பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி ஆகியோரோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. நான்கு ரூபாய்க்கு உருளை இழுத்த அதே பூனாவில், நாட்டின் தலைவிதியை எழுதிய தாளில் கையெழுத்திட்டார்.

1937-இல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. அம்பேத்கர் வென்றார். வரவேற்பு மடல் எழுதிய மாணவரிடமே நாயகன் தோற்றார். அம்பேத்கரை வீழ்த்த ஒரு தலித்தின் புகழைப் பயன்படுத்திய அரசியல் இன்றும் நம் தொகுதிகளில் நடப்பதை நாம் அறிவோம். அந்த முடிவில் பாலுவோடு நமக்கு உடன்பாடு இல்லை. அதற்காக மைதானத்தில் அவர் வென்று கொடுத்ததை விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

1955 ஜூலையில் பாலு பம்பாயில் காலமானார்.

நம் பிள்ளைகளுக்கு

பொங்கல் வந்தால் நம் பகுதியில் ஊருக்கு ஊர் கிரிக்கெட் போட்டி நடக்கும். காலனிப் பிள்ளைகள் நன்றாகப் பந்து வீசினால் ஊர் அணியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அது நல்லதுதான். அதோடு நிற்காமல் இன்னும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த அணிக்குக் கேப்டன் யார்? போட்டிக் கமிட்டியில் காலனியிலிருந்து எத்தனை பேர்? நுழைவுக் கட்டணத்தையும் பரிசுப் பணத்தையும் முடிவு செய்வது யார்? ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா?

இதைக் கேட்பது சண்டைக்காக அல்ல. பாலு விக்கெட் எடுத்தபோது அணியில் இடம் கிடைத்தது. தம்பிகள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஆட மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் தலைமை கிடைத்தது. அடுத்த போட்டிக்குக் கமிட்டி கூடும்போது, நம் பிள்ளைகள் பெயர் கொடுக்க மட்டும் போகாமல், அந்தக் கமிட்டியில் உட்காரவும் போகட்டும்.